குடோன் தெருவில் சவுக்கு பூத்தது

சும்மா கொடுக்கிற எதையும் முக்காண்டி வாங்க மாட்டார். கோயில் திருநீறைக்கூட மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டுத்தான் நெற்றியில் இடுவார். அந்த மூக்கு வேலை செய்யாது என்பது வேறு விஷயம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டின காலமெல்லாம் கந்தகத்தையும் நிலக்கரியையும் இழுத்து இழுத்து, இரண்டு துவாரத்திலும் சதை வளர்ந்து அடைத்துக்கொண்டது. அறுத்து எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னபோது, "கத்தி பிடிச்சுப் பழக ஒமக்கு என் மூக்குதான் கிடைச்சுதா?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தவர். அன்றிலிருந்து வாயால்தான் மூச்சு.

அப்படிப்பட்டவரிடம் போய், புயல் காற்றைத் தடுக்கக் கடலுக்கும் குடோன் தெருவுக்கும் நடுவே சவுக்கு மரம் வைத்துத் தருகிறோம், காசே வேண்டாம் என்று இனியகரை நிறுவனத்தார் சொன்னார்கள். தெருவே கைதட்டியது. முக்காண்டி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எவனாவது சும்மா மரம் வைப்பானாவே? இவன் பின்னால எதையோ வெட்டப் போறான்."

மேனேஜர் நவநீதன் கோயமுத்தூர்ப் பிள்ளை. "அப்படியெல்லாம் இல்லீங்க ஐயா, உங்க நல்லதுக்குத்தானுங்க" என்றான். ஒரே பேச்சில் இத்தனை 'ங்க' போடுகிறவனை நம்பக் கூடாது என்று முக்காண்டி அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்.

அது வழக்கமான சவுக்கு இல்லை. ஆய்வுக்கூடத்தில் விதையிலேயே கைவைத்திருந்தார்கள். இரண்டே வருஷத்தில் விளக்குக் கம்பத்தைத் தாண்டியது. மாசி மாதம் பிறந்ததும் பூத்தது. சவுக்குப் பூவை யார் பூ என்று சொல்லுவார்கள்? ஊசி இலை நுனியில் துரு பிடித்த மாதிரி ஒரு நிறம், அவ்வளவுதான். ஆனால் கடல்காற்று எழும்பினால் அந்தத் துரு பொடியாகக் கிளம்பும். தண்ணீர்க் குடத்தின் மேல் மஞ்சளாகப் படியும், பைக் சீட்டில் படியும், காயப்போட்ட வேட்டியில் படியும்.

முதலில் மாறினவன் பக்கத்து வீட்டு ஞானதிரவியம். முக்காண்டி வீட்டுச் சாக்கடைத் தண்ணீர் அவன் வாசலில் போகிறது என்று பத்து வருஷமாகச் சண்டை. இரண்டு பேரும் ஒருவர் மூஞ்சியில் ஒருவர் விழிப்பதில்லை. அவன் ஒரு மத்தியானம் சிரித்துக்கொண்டே வந்தான்.

"அண்ணாச்சி, ஒங்க தண்ணி எங்க வாசல்ல வந்தா என்ன? தண்ணிதானே. வந்துட்டுப் போவுது."

முக்காண்டி உள்ளே போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டார். அடிக்க வந்தால் திருப்பி அடிக்கத் தெரியும். இதற்கு என்ன செய்ய?

அன்றைக்குச் சாப்பாட்டில் இன்னொரு அடி விழுந்தது. அவர் பெண்டாட்டி செல்லக்கனி வைத்த மீன்குழம்பில் உப்பு இல்லை. வழக்கம்போல, "ஏளா, உப்பு விக்குத விலையில ஒளிச்சு வச்சிருக்கியா?" என்று சொல்லிவிட்டு, வரப்போகிற பேச்சுக்குத் தோளைத் தயார் பண்ணிக்கொண்டார். வரும். எப்போதும் வந்திருக்கிறது. ஏ மனுசா என்று தொடங்கி, அவர் அம்மா, அக்கா, அவர் ஓட்டின கிரேன் வரைக்கும் இழுத்து முடியும்.

"அப்படியாங்க?" என்றாள் செல்லக்கனி. "தப்புதான். நாளைக்குப் பாத்துப் போடுதேன். நீங்க மனசுல வச்சுக்கிடாதீங்க."

முக்காண்டி பிசைந்த சோற்றைத் தட்டிலேயே போட்டுவிட்டார். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவரை அவள் 'நீங்க' என்று சொன்னதே இல்லை.

செல்லக்கனி என்றால் யார் என்று தெரிய வேண்டும். குடோன் தெருவுக்குக் குடிதண்ணீர் வந்தது அவள் வாயால். ஜீப்பில் வந்த இன்ஜினியரை, வண்டிக்கு முன்னால் வெறுங்குடத்தோடு உட்கார்ந்துகொண்டு பொழுது சாயும் வரை வைதாள். மறுநாள் குழாய் வந்தது. ரேஷன் கடைக்காரன் அவள் தலை தெருமுனையில் தெரிந்தால் தராசை ஒரு தட்டு தட்டி நேராக்குவான். அப்பேர்ப்பட்ட வாய் மாசி முழுக்கப் பூட்டிக் கிடந்தது. பங்குனி பிறந்தபோது தெருவில் சத்தமே இல்லை. நாய்கூட வாலை ஆட்டிக்கொண்டு திருடனுக்காகக் காத்திருக்கும் போல் இருந்தது.

முக்காண்டி மட்டும் காலை எழுந்தால் யாரையாவது வம்புக்கு இழுத்துப் பார்ப்பார். "நீங்க சொன்னா சரிதான் அண்ணாச்சி" என்பார்கள். குடித்தவன்கூட, "இனிமே குடிக்கல அண்ணாச்சி, ஒங்களுக்கு வேணும்னா குடிக்கேன்" என்றான்.

அந்தச் சமயத்தில்தான் தெருவுக்கு ஒரு வெள்ளை வண்டி வந்தது. 'இலவச மூக்கு மருத்துவ முகாம், இனியகரை நிறுவனம்' என்று எழுதியிருந்தது. இலவசம் என்றதும் முக்காண்டிக்கு உடம்பெல்லாம் அரித்தது. என்னதான் சங்கதி என்று பார்க்க ஏறினார். உள்ளே சின்ன வயதுப் பெண் டாக்டர். மேசை மேல் பட்டாணி அளவில் இரண்டு வெள்ளைக் குப்பி கிடந்தது.

"என்னம்மா இது?"

"மூக்குக்குள்ள வச்சுக்கிற வடிகட்டிங்க ஐயா. ரொம்ப அரிச்சுது, கழட்டி வச்சுட்டேன்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவருக்குத் தெரிந்த சிரிப்பு. வீட்டில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏதோ களவாணித்தனம் நடக்கு. சொல்லிரும்மா."

"சரிங்க ஐயா, சொல்லிடறேன்" என்றாள் அவள். சொல்லியும்விட்டாள்.

மூக்கின் உச்சியில் வாசனை நரம்பு இருக்கிறதாம். அதன் வழியாக இந்தப் பூந்தூளின் சத்து மூளைக்கு ஏறுகிறதாம். "மனசுல 'மாட்டேன்'னு சொல்ற இடம் ஒண்ணு இருக்குன்னு வச்சுக்கங்க. இது அதைத் தூங்க வச்சுடும்."

"எல்லாரும் சந்தோசமால்ல இருக்காவ?"

"சந்தோஷம் இல்லீங்க ஐயா. மறுத்துப் பேச வராது. சண்டை இல்லாததனால வெளியிலிருந்து பார்க்க சந்தோஷம் மாதிரி தெரியும்."

"எனக்கு ஏன் ஒண்ணும் ஆகல?"

அவள் டார்ச்சை அடித்துப் பார்த்தாள். "உங்களுக்குத்தான் மேல போக வழியே இல்லையே. இந்தச் சதையை எடுக்கத்தான் வண்டியே வந்திருக்கு. தெருவுல நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

"எனக்கு ஒருத்தனுக்கா இம்புட்டுப் பெரிய வண்டி?" முக்காண்டிக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. "சரி, மரத்தை விட்டுத் தள்ளிப் போனா?"

"ஒரு மணி நேரத்துல தெளிஞ்சுடும். எடுத்துடலாங்களா சதையை?"

"மாட்டேன்."

"சரிங்க ஐயா" என்றாள் டாக்டர், அதே சிரிப்போடு.

நேரே ஞானதிரவியம் வீட்டுக்குப் போனார். சண்டைக்காரன் என்றாலும் தெருவில் கொஞ்சம் படித்தவன். எல்லாவற்றையும் சொன்னார். ஞானதிரவியம் பொறுமையாகக் கேட்டான்.

"இருக்கும் அண்ணாச்சி. நானும் ஏதோ இருக்குன்னு நெனச்சேன். ஆனா ஒண்ணு. பையன் கடலோட போன பொறவு நான் தூங்கினதே இல்ல. இப்ப தூங்குதேன். போனவன் ஏன் போனான்னு மனசு மல்லுக்கு நிக்க மாட்டேங்கு. நல்ல மரம் அண்ணாச்சி."

முக்காண்டி சாக்கடைத் தண்ணீரைக் காலால் ஒதுக்கிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

எதற்காக இத்தனை பாடு என்பது பங்குனி நடுவில் தெரிந்தது. ஆளில்லாமல் ஓடுகிற சரக்குக் கப்பல்கள் வரப்போகின்றனவாம். அந்தச் சரக்கை இறக்கிவைக்க இடம் வேண்டும். குடோன் தெருதான் இடம். தெருக்காரர்களுக்குச் சுடுமணல் பொட்டலில் வீடு. கடலை விட்டு இருபது கிலோமீட்டர். சம்மதம் கேட்கும் கூட்டம் மத்தியானம் மூன்று மணிக்கு, சவுக்குத் தோப்பு நிழலில். கடல்காற்று நன்றாக எழும்புகிற நேரம்.

தோப்பில் பால் கேன் உயரத்துக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டியை நிறுத்தியிருந்தார்கள். அதற்குப் பெயர் சாட்சி. காகிதத்தில் கையெழுத்து வாங்கின காலம் போய்விட்டது. காகிதத்தில் பொய்க் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள் என்று புதுச் சட்டம் வந்திருந்தது. வாயால் சொன்னதை இந்தப் பெட்டி பதியும். பதிந்ததை அதுவே நடத்தியும் வைக்கும். பஸ்ஸைக் கூப்பிடும், இடிக்கிற வண்டியைக் கூப்பிடும். எதிலும் டிரைவர் கிடையாது.

"சொன்னது சொன்னபடிங்க" என்றான் நவநீதன். "ஒரு எழுத்து மாறாதுங்க. எங்க முதலாளியே வந்து சொன்னாலும் மாத்தாதுங்க. அவ்வளவு நேர்மைங்க."

பெட்டி பேசிற்று. "இந்தத் தெருவை விட்டுப் போகச் சம்மதமா? தலையாட்டுவது ஏற்கப்படாது. 'சரி' என்ற ஒற்றைச் சொல் ஏற்கப்படாது. என்ன செய்யப் போகிறீர்கள் என்று வீட்டுக்கு ஒருவர் வாயால் சொல்லவும்."

ஞானதிரவியம் முதலில் போய்க் கையைக் கூப்பினான். "நாங்க போயிட்டு வாரோம்."

"பதிவு செய்யப்பட்டது" என்றது பெட்டி.

பெட்டிக்குக் கும்பிடு ஒன்று. அறுக்கப் போகிற ஆடு கத்திக்கு மரியாதை செய்கிறது என்று முக்காண்டி பல்லைக் கடித்தார். ஒவ்வொருவராகப் போனார்கள். போயிட்டு வாரோம், போயிட்டு வாரோம் என்று கல்யாண வீட்டில் விடைபெறுகிற மாதிரி சொல்லிவிட்டு வந்தார்கள். எதிர்வீட்டுக்குப் புதிதாக வாழவந்த மருமகள் மட்டும் பயத்தில், "நாங்க போறோ..." என்று தொடங்கினாள். வரிசையில் பின்னால் நின்ற செல்லக்கனி பாய்ந்துபோய் அவள் வாயைப் பொத்தினாள்.

"ஏட்டி! சாவு வீட்டுலயா நிக்கே? நல்ல நாளும் அதுவுமா போறோம்ங்கா! வாரோம்னு சொல்லுட்டி!"

மாசி பிறந்ததிலிருந்து அவள் வைத வசவு அது ஒன்றுதான். முக்காண்டிக்குக் காதில் தேன் பாய்ந்தது. ஆகா, கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்று முன்னால் ஓடினார்.

"ஏளா, மாட்டேன்னு சொல்லு. ஒன் தெருடி இது. நீ கொண்டாந்த குழாயி."

செல்லக்கனி அவரைப் பார்த்துச் சிரித்தாள். "இருக்கட்டும்ங்க. பாவம், அவங்களும் கேக்காங்கல்லா." பெட்டியைப் பார்த்துத் திரும்பி, "போயிட்டு வாரோம்யா" என்றாள்.

வீட்டுக்கு ஒருவர்தான் என்றாலும் முக்காண்டி விடவில்லை. பெட்டியின் தலையில் ஒரு தட்டு தட்டி, "நான் போக மாட்டேன். போகவே மாட்டேன்" என்றார். அதையும் பெட்டி பதிந்துகொண்டது.

பூ உதிர்வதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்று அவசரம். நாலாம் நாளே பஸ்கள் வந்துவிட்டன. பின்னால் இடிக்கிற வண்டிகள் வரிசையாக வந்து நின்றன. ஆளில்லாத இருக்கைகள் முக்காண்டியைப் பார்த்தன. போக மாட்டேன் என்று பதிந்த ஆளுக்குப் பஸ்ஸில் இடம் கிடையாதாம். அவர் ஏற நினைக்கவும் இல்லை. செல்லக்கனி மூட்டை கட்டிக்கொண்டு வந்தாள்.

"சோறு மூடி வச்சிருக்கேன். உப்புப் பாத்துப் போட்டிருக்கேன்" என்றாள். "போயிட்டு வாரேன், என்ன?"

அவள் சண்டை போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனதுண்டு. அப்போதெல்லாம் சாயங்காலத்துக்குள் திரும்பிவிடுவாள் என்று தெரியும். வைதுவிட்டுப் போனவள் மிச்சத்தை வைய வந்துதானே ஆக வேண்டும்? இப்படிச் சிரித்துக்கொண்டு போகிறவள் எதற்குத் திரும்பி வருவாள்? பஸ் திரும்பி மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துத் தெரு நடுவில் போட்டு, இடிக்கிற வண்டிகளுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்.

நவநீதன் வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"ஐயா, தெருவே போயிருச்சுங்க. நீங்க மட்டும் எதுக்குங்க வீம்பு?"

"ஒம் மூக்குல என்னடே?"

நவநீதன் மூக்கைத் தொட்டுக்கொண்டான். "வடிகட்டிங்க."

"மரம் நல்லதுன்னியே. நல்லதை நீ ஏன் இழுக்கல?"

"நாங்க பேரம் பேசற ஆளுங்க ஐயா. எங்களுக்கு மாட்டேன்னு சொல்ல வரணுமுங்க."

"எங்களுக்கு வேண்டாமா?"

நவநீதன் எழுந்துபோய்ப் பெட்டியிடம், "ஆரம்பிக்கலாம்" என்றான். பெட்டி பேசவில்லை. இடிக்கிற வண்டிகள் அசையவில்லை. நவநீதன் பெட்டியைத் தட்டினான், பொத்தானை அமுக்கினான், போனில் யாரிடமோ கத்தினான். வெயில் ஏறியது. முக்காண்டி மட்டும் அசையாமல் இருந்தார். எந்திரம் பழுதென்றால் சரிபண்ணிவிடுவார்கள், நம்புவதற்கில்லை.

அப்போதுதான் தூரத்தில் அந்தச் சத்தம் கேட்டது.

முதலில் பஸ் சத்தம் என்று நினைத்தார். பஸ் சத்தத்துக்கு மேல் இன்னொரு சத்தம் ஏறி வந்தது. தெருமுனை திரும்பியபோது வார்த்தை வார்த்தையாகக் காதில் விழுந்தது.

"ஏ மனுசா! ஒமக்கு அறிவு இருக்காவே? கட்டின பொண்டாட்டிய பொட்டக்காட்டுக்கு அனுப்பிட்டு நாற்காலி போட்டு ஒக்காந்திருக்கீரே! இழுத்துப் பிடிச்சு நிறுத்த ஒமக்குக் கை இல்லையா? ஒம்ம அக்கா மாதிரியே கல்லு மனசுவே ஒமக்கு!"

பஸ் ஜன்னலில் பாதி உடம்பு வெளியே தொங்க, செல்லக்கனி. முக்காண்டிக்குக் கண் நிறைந்துவிட்டது. வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டு, "உப்பு கூடிப்போச்சுளா!" என்று கத்தினார்.

"நாக்குல கொள்ளிய வைக்க! வந்து வச்சுக்கிடுதேன் ஒம்ம!"

நவநீதன் பெட்டியிடம் ஓடினான். "என்ன இது? ஏன் திரும்பிக் கூட்டிட்டு வந்திருக்கு?"

"பதிவான சொல்: போயிட்டு வாரோம்" என்றது பெட்டி. "போனார்கள். வந்தார்கள். வரும் நாள் குறிக்கப்படாததால் அன்றே வரவைக்கப்பட்டது. வந்து சேர வீடு இருக்க வேண்டும். ஆகவே இடிப்பு ரத்து."

"ஐயோ, அது சும்மா மரியாதைக்குச் சொல்றதுங்க! எல்லாரும் சொல்றதுங்க!" நவநீதன் பெட்டிக்கே 'ங்க' போட்டான்.

"சொன்னது சொன்னபடி. ஒரு எழுத்து மாறாது."

பொட்டலில் இறங்கிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லாருக்கும் மண்டை தெளிந்துவிட்டது. யாரைக் கேட்டு இங்கே கூட்டிவந்தாய் என்று செல்லக்கனி பஸ்ஸின் முகத்தில் அறையப்போன நேரத்தில், "போயாயிற்று. இனி வர வேண்டும். ஏறவும்" என்று பஸ்ஸே சொல்லியிருக்கிறது. ஒன்றரை மாதம் அமுங்கிக் கிடந்த கோபம் அத்தனையும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

முக்காண்டி குறுக்கே ஓடினார். "மூக்கப் பொத்துங்க! எல்லாரும் மூக்கப் பொத்துங்க! காத்து எழும்பினா இந்தச் சவுக்குப் பொடி மூக்குல ஏறி மறுபடியும் பல்லைக் காட்டிக்கிட்டு நிப்பீங்க!"

தெரு முழுக்க ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு அரிவாளோடு தோப்புக்குள் இறங்கியது. துண்டு நழுவினவன் நடுவில் நின்று, "பாவம் மரம்" என்று தடவிக்கொடுப்பான். அவனை இழுத்து வெளியே போட்டுவிட்டு அடுத்தவன் வெட்டுவான். சாயங்காலத்துக்குள் தோப்பு தரையில் கிடந்தது.

ஒரே ஒரு மரம் பாக்கி. ஞானதிரவியம் வீட்டு ஜன்னலை ஒட்டி நின்றது. அதன் கீழே ஞானதிரவியம் கையில் ஒன்றுமில்லாமல் நின்றான்.

"வேய் முக்காண்டி. ஒம்ம சாக்கடைய நாளைக்கே திருப்பணும். இல்லைன்னா மண்ணைப் போட்டு அடைப்பேன்." துண்டுக்குள்ளே குரல் உடைந்தது. "இந்த ஒரு மரத்த மட்டும் விட்டுரும்வே."

முக்காண்டி மரத்தைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். "சாக்கடையத் திருப்ப மாட்டேன். மரத்தத் தொட மாட்டேன். போவும்" என்று சொல்லிவிட்டு அரிவாளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

சித்திரை கழிந்ததும் இனியகரைக்காரர்கள் கடையைக் கட்டினார்கள். நவநீதன் ஜீப்பில் சாமானெல்லாம் ஏற்றிக்கொண்டு, வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தான். மூக்கில் வடிகட்டி இல்லை. செல்லக்கனி அவனை வாசலிலேயே நிற்கவைத்து, வாய்க்கு வந்தபடி வைதுவிட்டு, காப்பியும் கொடுத்தாள். அவனும் குனிந்து வாங்கிக் குடித்தான்.

"அப்ப, போயிட்டு வரேனுங்க" என்றான்.

முக்காண்டி விருட்டென்று எழுந்தார். "வேய், நில்லும். அந்த வார்த்தைய மாத்திச் சொல்லும். போறேன்னு சொல்லும்."

நவநீதன் வாயைத் திறந்தான். "போ..." என்றான். மேலே வரவில்லை. அவன் அம்மா வளர்த்த நாக்கு. இரண்டு தரம் முயற்சி பண்ணினான். வியர்த்துவிட்டது.

"ஏ மனுசா! விளக்கு வைக்குத நேரத்துல வாசல்ல நிறுத்திவச்சு என்ன பேச்சு சொல்லச் சொல்லுதீரு?" செல்லக்கனி டம்ளரை வாங்கிக்கொண்டு அவனைப் பார்த்தாள். "அவரு கெடக்காரு. நீ போயிட்டு வாய்யா."

ஜீப்பின் பின்சீட்டில் சாமானுக்கு நடுவே சாம்பல் நிறப் பெட்டி சாய்ந்து கிடந்தது. அதில் ஒரு பச்சை விளக்கு எரிந்து அணைந்தது.

"பதிவு செய்யப்பட்டது" என்றது பெட்டி.

ஜீப் போய்விட்டது. செல்லக்கனி உள்ளே போய் யாரையோ வைதுகொண்டிருந்தாள். ஞானதிரவியம் வீட்டு ஜன்னலில் ஒற்றைச் சவுக்கு அசைந்தது. முக்காண்டி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சுண்டுவிரலை மூக்கில் விட்டுத் துழாவினார்.

சதை இருந்தது.